அடிக்காமலும் படியும்



இந்தப் பகுதியில் வழக்கமாக நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது, முந்திரிக்குக் கவாத்து செய்வது என்று பயிரைப் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு ஒரு மாறுதல். களத்து மேட்டிலும் ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்திலும் சுருண்டு கிடக்கிறதே ஒரு ஜீவன், அந்த நாயைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன்.

"நாயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? சோறு போட்டால் குலைக்கும், போடாவிட்டால் பக்கத்து வீட்டில் போய்க் குலைக்கும்" என்று சிரிப்பீர்கள். சிரிக்கக் கூடிய விஷயம் இல்லை. விருத்தாசலம் சுற்று வட்டாரத்தில் முந்திரித் தோப்புகளுக்கும் கொல்லைகளுக்கும் போகிறபோது நான் அடிக்கடி கேட்கிற புகார் இது: "சார், குட்டியா இருந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ அவுத்து விட்டா கோழியைப் புடிக்குது, கட்டிப் போட்டா வர்றவங்க போறவங்களை எல்லாம் கடிக்க வருது. அடிச்சும் பார்த்தாச்சு. நான் என்னதாங்க செய்யறது?"

ஆறு மாதக் குட்டி ஒரு கோழியைப் பிடிக்கிறது. அடி விழுகிறது. பிறகு சங்கிலி. சங்கிலியிலேயே வளர்ந்த நாய் ஒரு நாள் அறுத்துக் கொண்டு போய் யாராவது ஒரு குழந்தையின் காலைப் பிடிக்கிறது. அதற்குப் பிறகு அந்த நாயின் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கதையை மாற்றி எழுத ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்கிற வரலாறும் சுவையானது. முதலில் வரலாறு, பிறகு வேலை.

கல்லில் நிற்கும் நாய்கள்

நாய்க்கு மரியாதை செய்வது நமக்குப் புதிது அல்ல. சங்க நூல்களில் ஞமலி என்ற பெயரில் நாய் வருகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட ஒரு வீரனுக்கு நட்ட கல் அது. அந்தக் கல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்திலேயே பொறித்திருக்கிறார்கள். மன்னர்களின் பெயரே அழிந்து போகிற நாட்டில், ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு மாட்டுக்காரனின் நாய்க்குப் பெயர் நிலைத்திருக்கிறது, பாருங்கள்.

கர்நாடகத்து மண்டியா மாவட்டத்தில் ஆதகூர் என்று ஒரு ஊர். அங்கே கிடைத்த கல்வெட்டு 949-50-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம்ம தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் விழுந்த போர் முடிந்த சமயம். கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனிடம் "என்ன வேண்டும், கேள்" என்றானாம். அவன் கேட்டது காளி என்கிற வேட்டை நாயை. பின்னால் அந்தக் காளி ஒரு காட்டுப் பன்றியோடு சண்டை போட்டு, இரண்டும் செத்தன. நாயின் நினைவாகக் கோயிலில் கல் நட்டார்கள். இன்றைக்கு அந்தக் கல் பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, நல்ல நாயின் அருமை நம்மவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அதை எப்படிப் பழக்கினார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. அது கைப்பழக்கமாக, தகப்பன் மகனுக்குச் சொன்னதாகவே இருந்து போயிற்று.

பிரம்பும் கழுத்துப் பட்டையும்

நம்ம ஊரில் ஒரு பழமொழி உண்டு: அடியாத மாடு படியாது. இது நம்ம ஊர்ச் சொத்து மட்டும் இல்லை. உலகம் முழுக்க இருந்த எண்ணம்தான். ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி 1910-ல் நாய்ப் பயிற்சிக்கு ஒரு புத்தகம் எழுதினார். போலீஸ் நாய், பட்டாள நாய் என்று பல நாடுகளில் பழக்கியவர்களுக்கு அது வழிகாட்டியாக இருந்தது. கழுத்துப் பட்டையை வெடுக்கென்று இழுப்பது, இடுப்பை அழுத்தி உட்கார வைப்பது, தவறினால் அடிப்பது, செய்தால் தட்டிக் கொடுப்பது. வேலை நடந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனை நாய்கள் பயந்து கெட்டன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

இன்னொரு பக்கம் விஞ்ஞானிகள் வேறு கேள்வி கேட்டுக் கொண்டிருந்தார்கள்: ஒரு பிராணி எப்படிக் கற்றுக் கொள்கிறது? ரஷ்யாவின் பாவ்லோவ் ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். சோறு வருவதற்கு முன்னால் வழக்கமாகக் கேட்கும் ஓசைக்கே நாயின் வாயில் எச்சில் ஊறுவதை அவர் காட்டினார். அமெரிக்காவின் தார்ன்டைக் பூனைகளைக் கூண்டுக்குள் விட்டு, தாழ்ப்பாளைத் தட்டினால் கதவு திறக்கும்படி செய்து, 1898-ல் ஆய்வு வெளியிட்டார். பூனை முதலில் கண்டபடி பிராண்டும். தற்செயலாகத் தாழ் திறக்கும். அடுத்த முறை கொஞ்சம் சீக்கிரம், அதற்கடுத்து இன்னும் சீக்கிரம். எதைச் செய்தால் நல்லது கிடைக்கிறதோ அதையே பிராணி திரும்பச் செய்யும் என்பது அவர் கண்ட விதி. கேட்டால் சாதாரணம். ஆனால் எல்லாப் பழக்கமும் இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது.

மாவு மில்லில் ஒரு புறா

1943-ஆம் வருஷம். இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் மாவு மில். அதன் மேல்மாடியில் பேராசிரியர் ஸ்கின்னரும் அவருடைய மாணவர்களும் புறாக்களைப் பழக்கிக் கொண்டிருந்தார்கள். குண்டைக் குறி தவறாமல் வழிநடத்தப் புறாவைப் பயன்படுத்தலாமா என்பது அரசாங்கத்துக்கான ஆராய்ச்சி. அந்தத் திட்டம் போர்க்களத்துக்குப் போகவே இல்லை. 1944-ல் நிறுத்தி விட்டார்கள். ஆனால் சும்மா இருந்த ஒரு நாளில் அவர்கள் விளையாட்டாகச் செய்த காரியம்தான் நிலைத்தது.

ஒரு புறாவுக்குப் பந்து உருட்டக் கற்றுத் தரலாம் என்று நினைத்தார்கள். சின்ன மரப்பந்து. அலகால் தள்ளிப் பொம்மைக் கட்டைகளை விழ வைக்க வேண்டும். தள்ளினால் தானியம் கொடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். புறா தள்ளவே இல்லை. காத்துக் காத்து அலுத்துப் போய், பந்தைப் பார்த்தாலே தானியம் கொடுத்தார்கள். பிறகு பந்தை நோக்கித் தலையை நீட்டினால் கொடுத்தார்கள். பிறகு அலகு பட்டால்தான். சில நிமிஷங்களில் புறா பந்தை அடித்து விளாச ஆரம்பித்து விட்டது.

முழு வேலையும் முடிந்த பிறகு கூலி கொடுப்பது பழைய முறை. வேலையின் பக்கம் ஒரு அடி வைத்தாலே கூலி கொடுத்து, அடுத்த அடிக்கு மெல்ல மெல்ல இழுத்துக் கொண்டு போவது இந்தப் புது முறை. இதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு நம்ம மொழியில் நேரான சொல் 'வனைதல்' என்றே எனக்குத் தோன்றுகிறது. சிற்பி களிமண்ணை உருவாக்குவது போல என்று ஸ்கின்னரே பின்னால் உவமை சொல்லியிருக்கிறார்.

அச்சும் சக்கரமும்

களிமண் என்றதும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் எவ்வளவு பிரசித்தமோ, அவ்வளவு பிரசித்தம் நம்ம ஊர்ப் பீங்கான். செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டர் அச்சுக்குள் களிக்குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, உட்பக்கம் ஓடு பிடிக்கிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்து விட்டு, காய்ந்ததும் அச்சைப் பிரித்தால் பொம்மை. நூறு ஊற்றினால் நூறும் ஒரே ஜாடை.

குயவர் சக்கரத்தில் வனைவது வேறு. அவர் மண்ணை அச்சுக்குள் அடைப்பதில்லை. சுற்றுகிற மண் எந்தப் பக்கம் எழுகிறது என்று விரலால் உணர்ந்து, எழுகிற பக்கமே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறார். அவசரப்பட்டு அழுத்தினால் பானை சரிந்து விடும்.

நாய்ப் பயிற்சியிலும் இந்த இரண்டும் உண்டு. குட்டியின் இடுப்பைக் கையால் அழுத்தி "உட்காரு" என்பது அச்சு வேலை. உட்காருவது நீங்கள்தான், நாய் அழுத்தத்தை எதிர்த்துத் திமிறத்தான் கற்றுக் கொள்கிறது. அது தானாக உட்காரும் வரை காத்திருந்து, உட்கார்ந்த அந்த நொடியில் கூலி கொடுப்பது சக்கர வேலை. பீங்கான் பொம்மைக்கு அச்சு சரி. உயிர் உள்ள பிராணிக்குச் சக்கரம்தான் சரி.

பன்றி புகட்டிய பாடம்

அந்த மாவு மில் ஆராய்ச்சியில் இருந்த கெல்லர் பிரேலண்டும் அவர் மனைவி மரியனும் பல்கலைக்கழகத்தை விட்டு விட்டு, 1947-ல் பிராணிகளைப் பழக்கும் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். நாய் பழக்குகிறவர்களிடம் போய் "அடிக்காமல் பழக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தார்கள். காது கொடுத்தவர்கள் இல்லை. கடைசியில் அவர்களுக்கு வேலை கொடுத்தது யார் தெரியுமா? கால்நடைத் தீவனம் விற்ற அதே ஜெனரல் மில்ஸ்தான். தீவன விளம்பரத்துக்காகச் சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் பியானோ வாசிக்கும் கோழி, ஆட்டம் போடும் கோழி என்று காட்டினார்கள். கோழிக்கே இது வரும் என்றால் நாய்க்கு வராதா?

ஆனால் அவர்கள் நேர்மையானவர்கள். 1961-ல் தங்கள் தோல்விகளையும் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். மர நாணயத்தை எடுத்து வந்து உண்டியலில் போடப் பன்றியைப் பழக்கினார்கள். அழகாகப் போட்டது. வாரங்கள் ஆக ஆக, நாணயத்தை வழியில் கீழே போட்டு மூக்கால் கிளற ஆரம்பித்தது. பசியில் இருந்தாலும் கிளறத்தான் செய்தது. பன்றியின் பிறவிக் குணம், கிழங்கு தோண்டுகிற குணம், கற்ற பாடத்தை இழுத்துக் கொண்டு போய் விட்டது. அதுவரை 38 வகைப் பிராணிகளில் 6,000-க்கும் மேல் பழக்கிய அனுபவத்தில் அவர்கள் சொன்னது இது.

இதை நாம் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். சிப்பிப்பாறை நாய் கண்ணால் கண்டு துரத்தப் பிறந்தது. ராஜபாளையம் பன்றி வேட்டைக்கு வளர்த்த இனம். கோம்பை காவலுக்குப் பேர் போனது. ஓடுகிற எதையும் பார்த்தால் சிப்பிப்பாறைக்குக் கால் பரபரக்கும். அது திமிர் அல்ல, பிறவி. பழக்கத்தால் அதைக் கட்டுக்குள் கொண்டு வரலாமே தவிர அழிக்க முடியாது. ஆட்டுக் குட்டிகளுக்கு நடுவே அப்படிப்பட்ட நாயைத் தனியாக விட்டு விட்டுப் போகிறவர் பிறகு நாயைக் குறை சொல்லக் கூடாது. முயல் வேட்டைக்கு ஏவுவதும் கூடாது; 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

டால்ஃபினிடமிருந்து நாய்க்கு

பிரேலண்ட் தம்பதி இன்னொன்றும் கண்டார்கள். தீனி ஒரு விநாடி தாமதமாகப் போனால், எதற்குக் கூலி என்று பிராணிக்குப் புரிவதில்லை. உட்கார்ந்ததற்குத் தருகிறோம் என்று நாம் நினைப்போம். எழுந்து வந்ததற்கு என்று அது நினைக்கும். ஆகையால் சரியான நொடியைக் குறிக்க ஒரு ஓசை வேண்டும். "டிக்" என்றால் "சரி, கூலி வருகிறது" என்று அர்த்தம். கடலில் டால்ஃபினைப் பழக்கியவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். நீந்துகிற பிராணிக்குக் கழுத்துப் பட்டை எங்கே போடுவது? அடித்தால் ஆழத்துக்குப் போய் விடும். விசிலும் மீனும்தான் ஆயுதம்.

ஹவாய்த் தீவில் 1963-ல் டால்ஃபின் பழக்கும் பொறுப்பை ஏற்ற காரன் பிரையர் என்ற அம்மையார், அந்த அனுபவத்தை வைத்து 1984-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1990-களில் சின்னத் தகர நாக்கு வைத்த 'க்ளிக்கர்' நாய் வளர்ப்பவர்கள் கைக்கு வந்தது. நம்ம மாசி மகத் திருவிழாக் கடைகளில் குழந்தைகள் வாங்கி "டக் டக்" என்று அடிக்குமே தகரத் தவளை, அதேதான். அதுவும் வேண்டாம், நாக்கைச் சொடுக்கினால் போதும்.

அடிப்பதா, கொடுப்பதா என்ற வழக்கில் சாட்சியும் வந்து விட்டது. 2020-ல் போர்ச்சுகல் நாட்டில் பயிற்சிப் பள்ளிகளில் படித்த 92 வீட்டு நாய்களைப் பரிசோதித்தார்கள். வெடுக்கென்று இழுத்தும் அதட்டியும் பழக்கிய பள்ளிகளின் நாய்கள் பயிற்சி நேரத்தில் அதிகம் மிரண்டன. பயிற்சி முடிந்ததும் அவற்றின் எச்சிலில் மனக்கலக்கத்தைக் காட்டும் கார்டிசால் என்ற சுரப்புப் பொருளும் கூடியிருந்தது. தீனியால் பழகிய நாய்களிடம் அப்படி இல்லை.

"நாட்டு நாய்க்கு வராது" என்பவர்களுக்கு

"இதெல்லாம் அல்சேஷனுக்கும் லேப்ரடாருக்கும் சரி, நம்ம நாட்டு நாய்க்கு வருமா?" என்று ஒரு கேள்வி உண்டு. சென்னையில் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவு 1951-லேயே ஏற்பட்டது. ஆனால் நெடுங்காலம் சீமை இனங்களுக்குத்தான் அங்கெல்லாம் மரியாதை. நம்ம இனங்கள் அருகிப் போவதைக் கண்டு, ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை இனங்களைப் பெருக்க 1980-81-ல் கால்நடைத் துறை சைதாப்பேட்டையில் ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005-ல் இந்தியத் தபால் துறை வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2016-ல் கர்நாடகத்து முதோள் நாய்கள் மீரட்டில் உள்ள ராணுவப் பயிற்சி மையத்துக்கு எடுக்கப்பட்டன. நாட்டு இனத்துக்குப் பாடம் ஏறும் என்பதற்கு இதை விட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. முழு வெள்ளையாகவும் மூக்கு வெளிறியும் இருக்கும் நாய்களில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். "கூப்பிட்டால் வருவதில்லை, திமிர்" என்று அடி வாங்குகிற வெள்ளைக் குட்டிகளில் சில, பாவம், காது கேட்காதவை. முதுகுக்குப் பின்னால் தட்டில் கரண்டியால் தட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதையும் பழக்கலாம். சொடுக்குக்குப் பதில் கையை விரித்துக் காட்டுவது, அல்லது டார்ச்சை ஒரு முறை மின்ன விடுவது, அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்து பாருங்கள்

இனி வேலைக்கு வருவோம். ஆடு மாடு போகும்போது குட்டி ஒரு சாக்கின் மேல் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். இந்த ஒரு பாடம் வந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

தீனி: வேகவைத்த கோழி ஈரல், முட்டை, உப்பில்லாத வறுத்த கடலை. ஒரு தடவைக்குப் பாதிக் கடலை அளவு போதும். வெங்காயம், திராட்சை, சாக்லெட் கூடாது. முந்திரித் தோப்புக்காரர்கள் பச்சைக் கொட்டையைக் குட்டி கடிக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஓட்டு எண்ணெய் வாயைப் புண்ணாக்கி விடும்.

முதல் நாள்: நாக்கைச் சொடுக்குங்கள், உடனே தீனி கொடுங்கள். 15, 20 தடவை. சொடுக்கியதும் குட்டி உங்கள் கையைப் பார்க்கிறது என்றால் பாஷை புரிந்து விட்டது.

அடுத்த நாள்: சாக்கைத் தரையில் போட்டு விட்டுச் சும்மா நில்லுங்கள். கூப்பிடாதீர்கள், தள்ளாதீர்கள். சாக்கைப் பார்த்தால் சொடுக்கு, தீனி. ஒரு கால் வைத்தால் சொடுக்கு, தீனி. பிறகு இரண்டு கால் வைத்தால்தான். பிறகு நாலு கால். பிறகு உட்கார்ந்தால்தான், அப்புறம் படுத்தால்தான். இரண்டு மூன்று தடவை தவறினால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று பொருள். ஒரு படி கீழே இறங்குங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம், நாளைக்கு இரண்டு மூன்று வேளை. அதற்கு மேல் வேண்டாம்.

தானாகப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் "படு" என்ற சொல்லைச் சேருங்கள். அதன் பிறகு ஆட்டைத் தூரத்தில் ஓட்டுங்கள். படுத்தே இருந்தால் கூலி. நாளுக்கு நாள் கிட்டத்தில் ஓட்டுங்கள். இந்தக் காலம் முழுவதும் நீளமான தாம்புக் கயிறு கழுத்தில் இருக்கட்டும். இழுப்பதற்கு அல்ல, ஓடிப் போய் ஒரு கோழியைப் பிடித்து, அதுவே அதற்குக் கூலியாகி விடாமல் தடுப்பதற்கு. பாடம் நன்றாக ஊன்றிய பிறகு எல்லாத் தடவையும் தீனி தர வேண்டாம். சில தடவை தந்தால் போதும், இன்னும் ஊக்கமாகச் செய்யும்.

"வா" என்று கூப்பிட்டு அடிக்கவே அடிக்காதீர்கள். வந்ததற்கு அடி என்றுதான் அது கணக்கு எழுதும்.

இன்னொன்று. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதற்குப் பிறகு பயப்படாது என்று அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்துப் பார்த்து 1965-ல் எழுதினார்கள். ஆடு, கோழி, டிராக்டர் சத்தம், குழந்தைகள் எல்லாம் அந்த வயதிலேயே அறிமுகமாகட்டும். வளர்ந்த நாய் கற்காது என்று இல்லை. நாள் கூடுதலாகப் பிடிக்கும்.

பாடத்தோடு ஊசியும் முக்கியம். மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். உலகத்தில் வெறிநோயால் சாகிறவர்களில் நூற்றுக்கு 36 பேர் நம்ம நாட்டில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த நாய் கடித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி விட்டு, நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, மந்திரம் எதுவும் வேண்டாம்.

கோவிவனைப் பழக்கிய அந்த மாட்டுக்காரருக்கு ஸ்கின்னரைத் தெரியாது. ஆனால் பயந்து வாழ்ந்த நாய் எஜமான் விழுந்த இடத்தில் நின்று இரண்டு கள்ளர்களை எதிர்க்காது. முதல் சத்தத்திலேயே ஓடியிருக்கும். அவர் கையில் பிரம்பை விடச் சோற்றுருண்டை அதிகம் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இன்று சாயங்காலம் ஆடு பட்டிக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு பழைய சாக்கை எடுத்துப் போட்டு, கையில் நாலு கடலையோடு நில்லுங்கள். குட்டி சாக்கைப் பார்க்கும் வரை பொறுமையாக இருங்கள்.